குதிக்கிறது தெள்ளு! துடிக்கிறது நாய்!

வைகை அணைக்குப் போகும் ரோடு. ரோட்டோரம் ஒரு புளிய மரம். மரத்தடி நிழலில் ஒரு நாய் படுத்திருக்கிறது.

திடீர் என்று அது துள்ளி எழுகிறது. பின்னங்காலால் காதைச் சொறிகிறது. அதோடு விடவில்லை. உடம்பை வளைத்து, வாலடியை நறநற என்று கடிக்கிறது. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் படுக்கிறது. இரண்டு நிமிடம்தான். மீண்டும் துள்ளல்!

"சொறி நாய்!" என்று சொல்லி, வழியில் போகிற பையன் கல்லை எடுக்கிறான்.

பாவம், அந்த நாய்க்குச் சொறி இல்லை. அதை ஆட்டி வைப்பது எள் அளவே உள்ள ஒரு பூச்சி. அதன் பெயர் தெள்ளு.

அணையைச் சுற்றி உள்ள ஊர்களில் நாய் இல்லாத தெரு இல்லை. தோட்டத்துக்கு ஒரு நாய். ஆட்டுக் கிடைக்கு ஒரு நாய். வீட்டுத் திண்ணைக்கு ஒரு நாய். கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோம்பை, ஒரு நாய் இனத்துக்கே பெயர் கொடுத்த ஊர். கோம்பை நாய் வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. செம்மண் நிற உடம்பு. கறுத்த மூஞ்சி. காட்டுப் பன்றியைக் கண்டாலும் பின்வாங்காது. அந்த வீர நாயையும் தெள்ளு அழவைத்து விடும்!

"தெள்ளுக்கு என்ன மருந்து வாங்கலாம்?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடையிலோ பொடி, சோப்பு, துளி மருந்து, பட்டை, மாத்திரை என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? எதைத் தொடவே கூடாது? தெரிந்து வாங்கினால் நாய் பிழைக்கும். தெரியாமல் ஊற்றினால் நாய் செத்தே போகலாம்.

தெள்ளா, உண்ணியா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒன்று அல்ல.

உண்ணி குதிக்காது. தோலில் தலையைப் புதைத்து, ரத்தத்தைக் குடித்து, கொட்டைமுத்து மாதிரி உப்பி, ஒட்டிக்கொண்டே இருக்கும். காது ஓரத்திலும் கால் விரல் இடுக்கிலும் அதைப் பார்க்கலாம்.

தெள்ளு அப்படி அல்ல. அதற்கு இறக்கை கிடையாது. ஆனால் குதிப்பதில் சூரன். தன் உடம்பைப் போலப் பல மடங்கு தூரம் தாண்டும். மயிரை விலக்கிப் பார்ப்பதற்குள் ஓடி மறைந்துவிடும்.

கண்ணில் படாத பூச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபமான வழி ஒன்று உண்டு.

பேன் சீப்பை எடுத்து நாயின் முதுகை, வாலடியை வாருங்கள். சீப்பில் மிளகுத் தூள் மாதிரி கறுப்புத் துகள் வரும். அதை நனைத்த வெள்ளைத் துணியில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவுகிறதா? அது மண் அல்ல. தெள்ளு குடித்து வெளியே தள்ளிய ரத்தம்! நாய் மேல் தெள்ளு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தச் சோதனைக்குக் காசு செலவு இல்லை. மருந்து வாங்கப் போகும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. ஏன் என்றால், உண்ணியைக் கொல்லும் மருந்து எல்லாம் தெள்ளைக் கொல்லாது.

வெறும் அரிப்புதானா?

அரிப்போடு போனால் பரவாயில்லை. சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. ஒன்றிரண்டு கடித்தாலும் போதும். வாலடியில் மயிர் உதிரும். தோல் சிவந்து புண்ணாகும். புண்ணில் ஈ மொய்க்கும்.

நாடாப் புழுவும் தெள்ளின் மூலம் வருகிறது. அரிப்புத் தாங்காமல் நாய் தன் உடம்பைக் கடிக்கும்போது தெள்ளை விழுங்கிவிடும். தெள்ளின் வயிற்றில் இருந்த புழு, நாயின் குடலில் வளரும். நாயின் ஆசனவாய் அருகில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தால், அது புழுவின் துண்டு. நாயோடு புரளும் சிறு குழந்தை தப்பித் தவறித் தெள்ளை விழுங்கினால், குழந்தைக்கும் அந்தப் புழு வரலாம்.

குட்டிகளின் கதி இன்னும் மோசம். நூற்றுக்கணக்கான தெள்ளு ஒரு சின்னக் குட்டியின் ரத்தத்தைக் குடித்தால் என்ன மிஞ்சும்? ஈறு வெளுத்து, சோர்ந்து, குட்டி செத்தும் போவது உண்டு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

பள்ளத்தாக்கு கண்ட பூச்சி

தெள்ளு என்றால் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மக்கள் நடுங்கினார்கள். அது நாய்த் தெள்ளு அல்ல. எலித் தெள்ளு.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. கொள்ளை கொள்ளையாக மக்கள் மாண்டார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1898-ல் கராச்சியில் வேலை பார்த்த சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், "எலியின் மேல் இருக்கும் தெள்ளுதான் காரணம்" என்று கண்டார். அப்போது பல பேர் நம்பவில்லை. பிறகு நடந்த விசாரணைகளில் அவர் சொன்னதே சரி என்று ஆயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கையும் பிளேக் விடவில்லை. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் இந்தப் பள்ளத்தாக்கில் பிளேக் பற்றி விசாரணை நடத்தி, 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள்.

நாயின் தெள்ளைப் பார்த்து "பிளேக் வந்துவிடுமோ?" என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் காலத்து டாக்டர்கள் கற்ற பாடம் ஒன்று இன்றைக்கும் பொருந்தும். கடித்த பூச்சியை மட்டும் தேடினால் போதாது. அது எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தரையில் ஒரு படை

நாய்த் தெள்ளு எங்கே குடியிருக்கிறது? "நாய் மேல்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

ரத்தம் குடித்த பெண் தெள்ளு, நாய் மேலேயே முட்டை இடுகிறது. ஒரு நாளைக்கு 40, 50 முட்டை கூட இடும். அந்த முட்டை மயிரில் ஒட்டாது. நாய் போகிற இடம் எல்லாம் உப்புத் தூவியது மாதிரி உதிர்ந்துவிடும். நாய் படுக்கும் சாக்கில் உதிரும். திண்ணை இடுக்கில் உதிரும். குழந்தை படுக்கும் பாயிலும் உதிரும்.

முட்டையில் இருந்து சின்னப் புழு வரும். அதற்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால் தரை வெடிப்பிலும், வைக்கோலுக்கு அடியிலும் போய் ஒளிந்துகொள்ளும். தாய்த் தெள்ளு தள்ளிய காய்ந்த ரத்தமே அதற்குச் சாப்பாடு. பிறகு பட்டுப் பூச்சியைப் போலக் கூடு கட்டிக்கொள்ளும்.

அந்தக் கூடுதான் கோட்டை! எந்த மருந்தும் எளிதில் உள்ளே போகாது. உள்ளே இருக்கும் தெள்ளு அவசரப்படாது. பல மாதம் கூடக் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும், உடம்புச் சூடும் பட்டதும் வெளியே பாயும்.

சித்திரைத் திருவிழா வருகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறக்கிறார்கள். தண்ணீரோடு தண்ணீராக ஒரு குடும்பமும் மதுரைக்குப் புறப்படுகிறது. நாயைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு வாரம் கழித்து வந்து கதவைத் திறக்கிறார்கள். உள்ளே கால் வைத்ததும் கணுக்கால் எல்லாம் கடி!

"நாயே இல்லாத வீட்டில் தெள்ளு எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். வரவில்லை. அங்கேயே இருந்தது. ஆள் நடமாட்டத்துக்காகக் காத்திருந்தது.

நாய் மேல் 5 தெள்ளு இருந்தால், முட்டையும் புழுவும் கூடுமாக வீட்டில் 95 இருக்கும் என்று கால்நடை டாக்டர்கள் கணக்குச் சொல்வார்கள். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, சாக்கை அப்படியே விட்டால் என்ன பயன்?

மூலையில் இருக்கும் விஷம்

இந்த வட்டாரத்தில் திராட்சை, வாழை, தென்னை, மலையில் ஏலம் என்று தோட்டம் இல்லாத பக்கம் இல்லை. தோட்டம் இருந்தால் பூச்சி மருந்தும் இருக்கும். தெளித்தது போக மிச்சம் பாட்டிலில் இருக்கும். பாட்டில் கொட்டகை மூலையில் இருக்கும்.

"பயிரில் இருக்கும் பூச்சியைக் கொல்கிறது. நாய் மேல் இருக்கும் பூச்சியைக் கொல்லாதா?" என்று ஒருவர் நினைக்கிறார். ஒரு மூடி மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி நாய் மேல் ஊற்றுகிறார்.

தெள்ளு சாகும். கூடவே நாயும் சாகும்.

குளோர்பைரிபாஸ் போன்ற பயிர் மருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறும். நாய் தன் உடம்பை நக்கும்போது வாய் வழியாகவும் போகும். எச்சில் நூல் நூலாக வடியும். வாந்தி எடுக்கும். கழியும். தசை துடிக்கும். பிறகு வலிப்பு. மூச்சுத் திணறல். குளிப்பாட்டியவர் கையிலும் அதே விஷம்தான் ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது.

யாராவது தெரியாமல் ஊற்றிவிட்டால் என்ன செய்வது? கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டு நாயை நன்றாகக் கழுவ வேண்டும். வாயில் பாலோ எண்ணெயோ ஊற்ற வேண்டாம். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டு போக வேண்டும். என்ன விஷம் என்று தெரிந்தால் டாக்டர் மாற்று மருந்து ஊசி போடுவார். நேரத்தில் போனால் பிழைக்க வைக்கலாம்.

கமாக்ஸின் பொடியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோழிக் கூட்டிலும் நாய் மேலும் அள்ளித் தூவிய பொடி அது. அந்த மருந்துக்கு இந்தியாவில் 1997-ல் தடை வந்துவிட்டது. எங்காவது பழைய டப்பா கிடைத்தாலும் தொட வேண்டாம்.

மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும். புகையிலைத் தண்ணீர் விஷம். பினாயில் நாய்க்கு ஆகாது. பூண்டை அரைத்து ஊட்டினால் தெள்ளு போகாது. நாயின் ரத்தம்தான் கெடும். வேப்பிலைத் தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி உட்கார்ந்தால் தெள்ளும் உட்கார்ந்துகொள்ளும்.

எதை வாங்கலாம்?

சோப்பு, ஷாம்பு, பொடி விலை குறைவு. அன்றைக்கு மேலே இருக்கும் தெள்ளு சாகும். மறுநாள் சாக்கில் இருந்து புதுத் தெள்ளு ஏறும். ஆகவே இவை முதல் நாள் வேலைக்குத்தான் லாயக்கு.

துளி மருந்து சின்னக் குழாயில் வரும். பிப்ரோனில் சேர்ந்த மருந்து இதில் நெடுநாளாகப் புழங்குவது. பிடரிக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில், மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். அங்கே நாயின் நாக்கு எட்டாது. மயிர் மேல் விட்டால் மருந்து வீண். சுமார் ஒரு மாதம் வேலை செய்யும். போடுவதற்கு முன் இரண்டு நாளும், போட்ட பின் இரண்டு நாளும் நாயைக் குளிப்பாட்டக் கூடாது.

கழுத்துப் பட்டை பல மாதம் உழைக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக இடம் வேண்டும். பட்டையில் இருப்பதும் பூச்சி மருந்துதான். நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை யோசித்தே வாங்க வேண்டும்.

மாத்திரை புது வரவு. 2014-ஐ ஒட்டி வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்தது. அபாக்ஸொலனர், சரொலனர் மாத்திரை ஒரு மாதம் தாங்கும். புளூரலனர் மாத்திரை 12 வாரம் தாங்கும். கறித் துண்டு மாதிரி இருப்பதால் நாய் ஆசையாகத் தின்னும். தெள்ளு கடித்து ரத்தம் குடித்ததும் செத்துவிடும். உண்ணிக்கும் சேர்த்தே கேட்கும். குளித்தாலும் மருந்து போகாது.

விலைதான் இடிக்கும். சில நூறு ரூபாயில் தொடங்கி, பெரிய நாய்க்கு ஆயிரத்தைத் தாண்டியும் போகும். இன்னொன்று. வலிப்பு வரும் நாய்க்கு இந்த வகை மாத்திரையை யோசித்தே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-ல் எச்சரித்தது. டாக்டரிடம் வலிப்பு விஷயத்தை மறைக்கக் கூடாது.

"ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்!" என்று கேட்பவர்கள் உண்டு. சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி தெள்ளுக்குச் சரிவராது. உண்ணிக்காகக் கலந்து குளிப்பாட்டும் அமித்ராஸும் அப்படித்தான். பக்கத்து வீட்டு நாய்க்கு உண்ணி போயிற்றே என்று அதே மருந்தை வாங்கினால் பணம்தான் போகும்.

எடை தெரியுமா?

எந்த மருந்து வாங்கினாலும் நாயின் எடையைக் கேட்பார்கள். "இவ்வளவு உயரம் இருக்கும்" என்று கையைக் காட்டினால் போதாது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நாயை இறக்கிவிட்டு ஏறுங்கள். கழித்தால் நாயின் எடை.

பெரிய நாய்க்கு உள்ள மருந்தை வாங்கி, இரண்டு சின்ன நாய்க்குப் பாதிப் பாதியாகப் போடுவது சிக்கனம் மாதிரி தோன்றும். அளவு தப்பினால் ஆபத்து.

வயதும் முக்கியம். பல துளி மருந்துகளும் மாத்திரைகளும் 8 வாரம் நிறையாத குட்டிக்கு ஆகாது. அதுவரை பேன் சீப்புதான் மருந்து. வாரி எடுத்த தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் செத்துவிடும். தாய் நாய் சினையாக இருந்தாலும், பால் கொடுத்தாலும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

வீட்டில் பூனை இருக்கிறதா? அப்படியானால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை! நாய்க்கு உள்ள சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும். பூனையின் உடம்புக்கு அதை முறிக்கச் சக்தி இல்லை. நடுங்கி, வலிப்பு வந்து செத்துவிடும். நாயின் துளி மருந்தைப் பூனைக்கு ஒரு சொட்டுக் கூட விடக் கூடாது. அந்த நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதும் ஆபத்து. அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாவிட்டால், படிக்கும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அணைத் தண்ணீர்

வைகை அணையை 1959 ஜனவரி 21-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் காமராஜ் திறந்து வைத்தார். 71 அடி தண்ணீர் தேக்கலாம். பல மாவட்டத்து வயலுக்கு அது பாய்கிறது. மதுரை நகரத்துக்குக் குடிதண்ணீராகப் போகிறது. அணையில் வலை வீசிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அணையை ஒட்டிய ஊர் நாய்க்குத் தண்ணீரைக் கண்டால் கொண்டாட்டம். வெயில் ஏறினால் கரையில் போய் விழுந்து புரளும். காலையில் துளி மருந்து, மத்தியானம் குளியல் என்றால் என்ன ஆகும்? நாய் மேல் இருந்த மருந்து தண்ணீரில் கரையும்.

"ஒரு துளிதானே!" என்று சொல்லக் கூடாது. பிப்ரோனில், பெர்மெத்ரின் இரண்டும் தண்ணீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கு எமன். மீனுக்கும் கெடுதல். அந்தச் சிறு பூச்சிகளைத் தின்றுதான் மீன் குஞ்சு வளர்கிறது.

இங்கிலாந்தில் 20 ஆறுகளின் தண்ணீரைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2020-ல் வெளிவந்தது. எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பிப்ரோனில் இருந்தது. அங்கே வயலில் அதை அடிப்பது ஏற்கெனவே நின்றுவிட்டது. பின்னே எங்கிருந்து வந்தது? நாய்க்கும் பூனைக்கும் போட்ட தெள்ளு மருந்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள்.

ஆகவே தண்ணீரில் இறங்கும் நாய்க்குத் துளி மருந்தைவிட மாத்திரை மேல். நாய்க்கும் லாபம், தண்ணீருக்கும் லாபம். துளி மருந்துதான் கட்டுபடியாகும் என்றால், போட்ட பிறகு சில நாள் நாயைக் கரைப்பக்கம் விடாமல் கட்டி வைக்க வேண்டும். காலிக் குழாயை வாய்க்காலில் எறிய வேண்டாம்.

மூன்று மாத வேலை

மருந்து போட்ட அன்றே சாக்கையும் கவனிக்க வேண்டும். பழைய சாக்கைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். வைக்கோலை மாற்ற வேண்டும். திண்ணை இடுக்கு, கட்டிலுக்கு அடி, கதவு மூலை எல்லாம் தினமும் பெருக்க வேண்டும். பெருக்கிய குப்பையை வீட்டுப் பக்கத்தில் கொட்டக் கூடாது. வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் மருந்து போட வேண்டும். பூனைக்கு, பூனைக்கு உரிய மருந்து.

பத்து நாள் கழித்து நாய் மேல் மறுபடியும் ஒன்றிரண்டு தெள்ளு தெரியும். அப்போது பலர் செய்வது என்ன? "மருந்து போலி! கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்!" என்று கத்திவிட்டு, அடுத்த மாத மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. கூட்டில் இருந்த தெள்ளு இப்போதுதான் வெளியே வருகிறது. வந்து, நாய் மேல் ஏறிச் சாகிறது. மருந்து போட்ட நாய் எலிப் பொறி மாதிரி. அதைத் தோட்டத்துக்குத் துரத்திவிட்டால், வீட்டில் பிறக்கும் தெள்ளு மனிதர் மேல்தான் ஏறும். நாய் வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே படுக்கட்டும்.

கூட்டில் இருக்கும் கடைசித் தெள்ளும் வெளியே வந்து தீர மூன்று மாதமாவது ஆகும். அதுவரை மாதம் தவறாமல் மருந்து வேண்டும். 12 வார மாத்திரை என்றால் ஒன்று போதும். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் மறக்காது.

தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல ஊர்களில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியும் இருக்கிறது. மாட்டுக்கு மட்டும்தான் அங்கே வைத்தியம் என்று எண்ண வேண்டாம். நாயையும் பார்ப்பார்கள்.

வாரம் ஒரு தடவை பேன் சீப்பும் நனைத்த வெள்ளைத் துணியுமாகத் திண்ணையில் உட்காருங்கள். வீட்டுப் பிள்ளைகளே இந்தச் சோதனையைச் செய்யலாம். துணியில் சிவப்பு குறைந்துகொண்டே வரும். மூன்று மாதம் முடிந்து, சிவப்பு அடியோடு மறைந்த பிறகு, அடுத்த மருந்து எப்போது என்று டாக்டரைக் கேட்கலாம். இந்தப் பக்கத்தில் தெள்ளைக் கொல்லும் அளவுக்குக் குளிர் எந்த மாதத்திலும் அடிப்பது இல்லை. மழை பெய்து தரை ஈரமாகும் ஐப்பசி, கார்த்திகையில் மறுபடியும் ஒரு தடவை சீப்பை எடுக்க வேண்டியிருக்கும்.